சாவி யார் கையில்?



பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு கட்டிடம் இருக்கிறது. தோட்டத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கட்டிக் கொடுத்தவர்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. சுவருக்கு மஞ்சள் வர்ணம், கூரைக்கு நல்ல தகரம், முன்பக்கம் பெரிய கண்ணாடி யன்னல்கள் இரண்டு. வாசலுக்கு மேலே 'பெண்கள் ஆறுதல் நிலையம்' என்று அழகான எழுத்தில் எழுதியிருக்கிறது.

கணவனின் குடியாலும் அடியாலும் நொந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார், கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வீட்டு வேலைக்குப் போய் மனமுடைந்து திரும்பியவர்கள் எல்லோரும் வந்திருந்து மனம்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும் என்றுதான் அது கட்டப்பட்டது. கும்மி, கோலாட்டம், தாலாட்டு, காமன் கூத்துப் பாட்டு என்று நம்முடைய கலைகளைப் பிள்ளைகளுக்குப் பழக்கவும் அதையே பயன்படுத்தலாம் என்றார்கள். திறப்பு விழா அன்று குத்துவிளக்கு ஏற்றினோம், கும்மி அடித்தோம், படம் எடுத்துக்கொண்டோம்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். உள்ளே உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. கதவில் பூட்டு. பெண்கள் வழக்கம்போல பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரான ஒரு பெரியம்மாவிடம், "ஏன் பெரியம்மா, நிலையத்துக்குப் போவதில்லையா?" என்று கேட்டேன்.

"எப்பிடிப் போறது மிஸ்? ஆபீசுக்கு நேர் எதுக்க கட்டி வச்சிருக்காங்க. நாங்க உள்ள போய் உக்காந்து அழுதா, கண்ணாடி வழியா கணக்கப்புள்ள பாப்பாரு. பொழுதுசாய ஊரே பேசும். கக்கூசும் இல்ல. சாவியும் ஆம்பளைங்க கையில இருக்கு."

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, பெரியம்மா?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்போம். யாரும் கேக்கலியே."

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. அந்தக் கட்டிடத்துக்கான படிவத்தை நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. 'பயனாளிகளின் கருத்து கேட்கப்பட்டதா?' என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு நேரே 'ஆம்' என்று அடையாளம் இட்டது என் கைதான். ஒரு கூட்டம் வைத்தோம். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தோம். வரைபடத்தை விரித்துக் காட்டினோம். எல்லோரும் தலையசைத்தார்கள். அதைத்தான் 'கருத்து' என்று எழுதினேன்.

இந்த மாதம் எழுத எடுத்துக்கொண்ட விடயம் இதுதான். மனம் ஆறுவதற்கும் தம் மரபைக் காப்பதற்கும் ஒரு சமூகத்துக்கு ஓர் இடம் அமைப்பது எப்படி? இதை நான் கற்றுக்கொள்ளத் தொடங்கிய இடம் நமது ஊவா மாகாணத்திலேயே இருக்கிறது. நம்மில் பலர் அங்கே சுற்றுலா போயிருப்போம், படம் எடுத்திருப்போம். ஆனால் யோசித்திருக்க மாட்டோம்.

தம்பானையில் ஒரு நாள்

அந்த மாதர் சங்கத்துப் பெண்களோடு ஒரு முறை மஹியங்கனைக்குப் போனோம். பதுளையிலிருந்து பஸ் இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போய், காது அடைத்து, வெயில் ஏறியது. விகாரையையும் சொரபொர வாவியையும் பார்த்துவிட்டுத் தம்பானைக்குப் போனோம். தம்பானை பதுளை மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுவரை தெரியாது.

அங்கே வாழ்பவர்களை நாம் வேடர் என்கிறோம். அவர்கள் தங்களை வன்னியலா எத்தோ என்று சொல்லிக்கொள்கிறார்கள். காட்டில் வாழும் மக்கள் என்பது பொருள். நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நம் தோட்டத்து முருகன் கோயிலில் வலப்பக்கம் நிற்கும் வள்ளியம்மை யார்? வேடர் தலைவன் வளர்த்த மகள். அதே ஊவா மாகாணத்துக் கதிர்காமத்தில் வருடந்தோறும் வள்ளியின் பெயரால் கைகூப்புகிறோம். அவளுடைய தாய்வீட்டுச் சனம் எப்படி இருக்கிறது என்று நாம் விசாரிப்பதில்லை.

தம்பானையில் ஆதிவாசிகளின் மரபுரிமையைக் காட்டும் அரும்பொருளகம் ஒன்று உண்டு. வில், அம்பு, கோடரி, தேன் எடுக்கும் கருவிகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களின் இரு கைகளையும் முழங்கைக்குக் கீழே பற்றி வரவேற்பது அவர்களுடைய வழக்கம். தேன் விற்கிறார்கள், மூலிகை எண்ணெய் விற்கிறார்கள், கேட்டால் ஆடிக் காட்டுகிறார்கள். ஆண்கள் தோளில் கோடரியை மாட்டிக்கொண்டு படத்துக்கு நின்றார்கள்.

எங்கள் பெரியம்மாதான் என் சேலையை இழுத்துக் கேட்டார்: "இவங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் எங்க மிஸ்?"

சுற்றிப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண், நாங்கள் திரும்பியதும் உள்ளே போய்விட்டாள். பிறகு யாரும் வெளியே வரவில்லை.

அரும்பொருளகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதனால் வருமானம் வருகிறது. ஒரு சமூகத்தின் பெயர் மறையாமல் இருக்கிறது. ஆனால் அது வெளியிலிருந்து வருகிறவர் பார்ப்பதற்கான இடம். அங்கே வாழ்கிறவர்கள் நோவு வந்தால் போய் உட்காரும் இடம் வேறாகத்தான் இருக்க வேண்டும். பார்க்க வருபவருக்காகக் கட்டினால் யன்னல் பெரிதாக இருக்கும். அழ வருபவருக்கு மறைவு வேண்டும்.

காடுதான் அவர்களின் ஆஸ்பத்திரி

இந்த மக்களுக்கு ஆறுதல் நிலையம் என்று ஒன்று அமைப்பதானால் முதலில் அவர்களுக்கு எதனால் நோவு வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

துரித மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் காலத்தில், 1983ஆம் ஆண்டு, மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வேட்டையாடி, தேன் எடுத்து, சேனை வெட்டி வாழ்ந்த காடு பூங்காவுக்குள் அடங்கிப்போனது. பல குடும்பங்கள் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. வயல் கொடுத்தார்கள், வாய்க்கால் கொடுத்தார்கள். காடு மட்டும் கிடைக்கவில்லை. வழிவழியாகத் தேன் எடுத்த இடத்துக்குள் காலடி வைத்தால் அது சட்டப்படி குற்றம் என்றாகியது. அப்போதைய தலைவர் திசாஹாமி இடம்பெயர மறுத்துத் தம்பானையிலேயே இருந்தார். 1998இல் அவர் காலமானபின் மகன் ஊருவரிகே வன்னில எத்தோ தலைவரானார். காட்டுக்குப் போகும் உரிமை குறித்து அவர் இடைவிடாமல் பேசி வருகிறார்.

நாம் ஆஸ்பத்திரி என்றால் கட்டிடத்தை நினைப்போம். அவர்களுக்கு மருந்து மரத்தில் இருந்தது, கொடியில் இருந்தது, தேனில் இருந்தது. எந்த மரத்தின் பட்டை எதற்கு என்பதைத் தாயும் தந்தையும் பிள்ளையைக் காட்டுக்குள் கூட்டிப்போய்த்தான் சொல்லிக் கொடுத்தார்கள். காட்டுக்குள் போக முடியாத பிள்ளைக்கு அந்தப் பாடம் இல்லை. பாடத்தோடு சொல்லும் போய்விடுகிறது. இன்று பிள்ளைகள் சிங்களத்தில் படிக்கிறார்கள், பேசுகிறார்கள். கிழக்கே வாகரை, மூதூர்ப் பக்கங்களில் கரையோரம் வாழும் வேடர்கள் நம்மைப்போலத் தமிழ் பேசுகிறார்கள்.

நோயை மட்டுமல்ல, துக்கத்தை ஆற்றவும் அவர்களிடம் ஒரு முறை இருந்தது. நூறு வருடங்களுக்கு முன் செலிக்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் மனைவி பிரெண்டாவும் இந்த மக்களோடு பழகி 1911இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார்கள். அதில் 'நே யக்கு' பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். இறந்துபோன உறவினர்களின் ஆவியைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒருவர் இறந்து சில நாட்களில் படையல் வைத்து அழைப்பார்கள். பூசாரியின் மேல் இறந்தவர் வருவார். தன் சொந்தங்களின் தோளில் கைபோட்டுச் சாய்ந்து, 'நான் நன்றாக இருக்கிறேன், உங்களுக்குத் துணை இருப்பேன்' என்ற விதமாகப் பேசுவார். தேங்காய்ப்பாலைப் பாத்திரத்தில் வைத்து அதைச் சுற்றி ஆடும் 'கிரி கொரஹா' சடங்கும் இப்படிப்பட்டதே. இன்று சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் கைதட்டிப் பார்க்கும் ஆட்டம் அதுதான்.

இதைக் கேட்டபோது எங்கள் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிப்பார்கள்? நம் தோட்டத்தில் கோடாங்கி உடுக்கு அடித்துக் குறிசொல்லும்போது செத்துப்போன அம்மாயி வந்து, "நான் எங்கயும் போகல, ஒன் புள்ளைக்குக் காவலா நிக்கிறேன்" என்று சொன்னதும் வீடே விம்முவதை நாம் பார்த்ததில்லையா? காய்ச்சலுக்கு மருந்து வேண்டும், இரத்த அழுத்தத்துக்குக் கிளினிக் போகத்தான் வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் துக்கத்துக்குக் குளிசை மட்டும் போதாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட மக்களுக்கு ஓர் இடம் அமைப்பதானால் முதலில் என்ன வேண்டும்? சீமெந்துத் தரை போட்ட மண்டபமா? ஆடுவதற்கு மண் தரை வேண்டும், மேலே வானம் வேண்டும். வேடிக்கை பார்ப்பவர் வராத நேரம் வேண்டும். மருந்துச் செடிகள் சுற்றிலும் வளர வேண்டும், காட்டுக்குப் போகும் வழி திறந்திருக்க வேண்டும். பெண்கள் தனியே கூடிப் பேசும் மூலை ஒன்று வேண்டும். இவை எனக்குத் தோன்றியவை. நான் சொல்வதும் ஊகந்தான். சொல்ல வேண்டியவர், அன்று வாசலிலிருந்து உள்ளே போய்விட்ட அந்தப் பெண்.

கூடலூரில் செய்தார்கள்

இது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. அதுவும் நம்முடைய சொந்தங்கள் வாழும் ஊரில்.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நம் லயங்களிலிருந்து இந்தியாவுக்குப் போனவர்களில் பலர் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் அரச தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். உங்களில் எத்தனையோ பேரின் சின்னம்மா, மாமா குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கும். கூடலூர்க் காடுகளில் அதற்கு முன்பே பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஆதிவாசி மக்கள் வாழ்ந்து வந்தார்கள். காடு தேயிலையாக மாற மாற, வெளியிலிருந்து ஆட்கள் வர வர, அவர்களுடைய நிலம் சுருங்கிக்கொண்டே போனது. பிழைப்புத் தேடிப் போன நம்மவர்களும் அந்த வந்தவர்களில் அடக்கம். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

1980களின் பிற்பகுதியில் தேவதாசன், ரூபா என்ற இளம் வைத்தியத் தம்பதியர் அங்கே வேலை செய்ய வந்தார்கள். வந்தவுடன் அவர்கள் ஆஸ்பத்திரி கட்டவில்லை. ஊர் ஊராகப் போய் ஆதிவாசிப் பெண்களையும் ஆண்களையும் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றினார்கள். நோயாளியை வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் போகத் தயங்கினார்கள். பாஷை புரியாது, மரியாதை கிடைக்காது, தனியாகக் கட்டிலில் கிடத்திவிடுவார்கள் என்ற பயம். 'எங்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டும்' என்ற பேச்சு அந்த மக்களிடமிருந்தே வந்தது. 1990இல் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. அங்கே தாதிகளாக வேலை செய்ய ஆதிவாசிப் பெண்களையே பயிற்றினார்கள். நோயாளியின் பாஷையில் பேச ஆள் இருந்தது. உறவினர் கூடவே இருக்கலாம். நடத்துவதிலும் ஆதிவாசிச் சங்கத்துக்குப் பங்கு இருந்தது.

கட்டிடம் கடைசியில் வந்தது. கேட்பதும் பழகுவதும் பயிற்றுவதும் முதலில் நடந்தன. நாங்கள் பசறைப் பக்கத்தில் செய்தது இதற்குத் தலைகீழ். கட்டிடம் முதலில் வந்தது, கேள்வி வரவேயில்லை.

அவுஸ்திரேலியப் பெண்களின் பாடம்

அவுஸ்திரேலியாவின் பழங்குடி மக்களுக்கு நேர்ந்ததைக் கேட்டால் நெஞ்சு பதறும். இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகளாகத் தாயின் மடியிலிருந்த பிள்ளைகளை அரசே பிரித்துக்கொண்டு போய் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது. 2008 பெப்ரவரி 13ஆம் திகதி அந்நாட்டுப் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். மறுவருடம் மக்களின் மனக்காயத்தை ஆற்றும் பணிகளுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் அமைக்கப்பட்டது. மன்னிப்பு வார்த்தையில் முடியக்கூடாது, ஆறுவதற்கு இடமும் வேண்டும் என்று உணர்ந்தார்கள்.

அந்நாட்டின் நடுவே உலுரு என்ற பெரிய செம்பாறை இருக்கிறது. அனங்கு என்ற மக்களுக்கு அது புனிதமான இடம். 1985இல் அந்த நிலம் அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது. பத்து வருடம் கழித்து, 1995இல், அங்கே ஒரு பண்பாட்டு நிலையம் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய கட்டிடக்கலைஞர் கிரெகரி பர்ஜெஸ், ஆயத்தமாக வரைபடம் கொண்டு போகவில்லை. அந்த மக்களோடு தங்கி, அவர்கள் மணலில் கீறிக் காட்டியதையும் சொன்ன கதைகளையும் வைத்துத்தான் வடிவத்தை உருவாக்கினார். அவர்களுடைய பழங்கதையில் வரும் இரண்டு பாம்புகளைப்போல வளைந்து நிற்கிறது அந்தக் கட்டிடம். சுவர்கள் மண்கல்லால் ஆனவை.

பழங்குடியினருக்கான வைத்திய நிலையங்களைக் கட்டியவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சின்னச் சின்ன விடயங்களும் உண்டு. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி வாசல். காத்திருக்க அறைக்குள் வாங்கு போடுவதைவிட வெளியே மர நிழலில் இடம். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் சந்திக்கக்கூடாது என்ற வழக்கம் பல சமூகங்களில் இருப்பதால், ஒருவர் வருவதைத் தூரத்திலேயே கண்டு இன்னொரு பக்கத்தால் விலகிப் போகக்கூடிய வழி. சுற்றி அமர்ந்து பேச நடுவில் நெருப்பு மூட்டும் இடம். இவற்றில் எதுவும் கேட்காமல் தெரியக்கூடியதல்ல.

பெண்களாகிய நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இன்னொன்று. மத்திய அவுஸ்திரேலியாவில் நில உரிமைக்கான பேச்சுவார்த்தைகள் நடந்த காலத்தில், அதிகாரிகள் ஆண்களிடமே கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பெண்கள் பார்த்தார்கள். 'எங்களுக்கும் நிலமுண்டு, கதையுண்டு, எங்கள் குரல் எங்கே?' என்று 1980இல் மூன்று இனக்குழுக்களின் பெண்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு மகளிர் சபையை அமைத்தார்கள். பிற்காலத்தில் அந்தச் சபைதான் பாரம்பரிய வைத்தியர்களை ஆஸ்பத்திரிகளுக்கும் சமூகங்களுக்கும் அனுப்பி, வைத்தியர்களோடு சேர்ந்து வேலை செய்யவும் வைத்தது.

2007இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது உறுப்புரை, அவர்களுடைய பாரம்பரிய மருத்துவத்தையும் அதற்கு வேண்டிய செடி, கொடி, உயிரினங்களையும் காக்கும் உரிமையைச் சொல்கிறது. அன்று எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் அவுஸ்திரேலியாவும் ஒன்று. 2009இல் அது தன் நிலையை மாற்றி ஆதரவு தெரிவித்தது. விடாமல் கேட்டால் அரசாங்கங்களும் இறங்கி வரும்.

நமக்கு எங்கே இடம்?

இத்தனையும் எழுதக் காரணம், நாமும் காயப்பட்ட ஒரு சமூகம் என்பதுதான்.

நம்மை யாரும் கேட்டுக் கட்டிய வீடா லயம்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளேயே பிரசவமும் சாவும், கல்யாணப் பேச்சும் சண்டையும். மனம் நொந்த ஒரு பெண் தனியாக அழவேண்டுமென்றால் கொழுந்து மலைக்குத்தான் போகவேண்டும். அல்லது பீலித் தண்ணீர் ஓடும் சத்தத்தில் அழவேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. மண்ணுக்குள் போனவர்களில் பலரின் உடல் கிடைக்கவேயில்லை. தப்பியவர்கள் நீண்ட காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கியிருந்தார்கள். 2016இல் அவர்களுக்குப் புதிய வீடுகள் கொடுக்கப்பட்டன. வீடு கிடைத்தது நல்லதே. ஆனால் உடல் கிடைக்காத பிள்ளைக்கு ஒரு தாய் எங்கே விளக்கு வைப்பாள்? எந்த இடத்தில் ஒப்பாரி சொல்வாள்? 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளைக் கண்டது. இனியும் வீடு கட்டுவார்கள், மண்டபம் கட்டுவார்கள், நிலையம் கட்டுவார்கள். அப்போது நாம் முன்போலத் தலையசைத்துக்கொண்டு இருக்கலாமா?

இறந்தவர் திரும்பி வந்து சொந்தங்களின் தோளில் சாயும் அந்தச் சடங்கை நினைத்துக்கொள்கிறேன். அந்தச் சடங்குக்கு ஒரு மண் முற்றம் போதும். ஆனால் அது தன்னுடைய முற்றமாக இருக்கவேண்டும்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் தோட்டத்தில் பெண்களுக்கென்றோ பண்பாட்டுக்கென்றோ ஒரு கட்டிடம் வருவதானால், கையெழுத்து வைக்கும் முன் மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. வரைபடம் வருவதற்கு முன் நம்மிடம் கேட்டார்களா, வந்தபின் காட்டினார்களா? இரண்டும் ஒன்றல்ல.

2. ஆண்கள் இல்லாத ஒரு கூட்டமாவது நடந்ததா? மாமியாரும் தலைவரும் பக்கத்தில் இருக்கும்போது மருமகள் வாய் திறக்க மாட்டாள்.

3. இடத்தைத் தேர்ந்தது யார்? பெண்கள் இப்போது இயல்பாகக் கூடும் இடம் எது? அங்கேயே ஏன் கட்டக்கூடாது?

4. உள்ளே போகும் பெண்ணை வெளியிலிருந்து யார் பார்க்கலாம்? மலசலகூடமும் தண்ணீரும் உண்டா? கைப்பிள்ளையைக் கிடத்த இடமுண்டா?

5. நம் தப்பும் உடுக்கும் பாட்டும் அங்கே ஒலிக்கலாமா, சத்தம் போடாதே என்பார்களா?

6. சாவி யார் கையில் இருக்கும்?

கேள்வி கேட்டால் கிடைக்கிறதும் கிடைக்காமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கேட்காமல் கிடைத்தது உர மூட்டைக்குத்தான் பயன்பட்டது.

தம்பானையிலிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸில் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் தாமதித்து, அன்றுதான் கேட்டேன்: "பெரியம்மா, உங்களுக்கு என்ன கட்டித் தந்திருந்தால் நல்லா இருந்திருக்கும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "பீலிக்கரையில ஒரு கூரை, மிஸ். மழைக்கு நனையாம நிக்க. உக்கார நீட்டமா ஒரு கல்லு. தெருப் பக்கம் ஒரு மறைப்பு. வேறென்ன வேணும் எங்களுக்கு?"

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் அந்தப் பெண்கள் இரண்டு தீர்மானம் போட்டார்கள். உர மூட்டையை எடுக்கவேண்டும், சாவி பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் இருக்கவேண்டும் என்பது முதலாவது. அதற்கு இன்னும் இழுபறி. இரண்டாவது, பீலிக்கரைக் கூரை. யாருடைய படிவமும் இல்லாமல், ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து, பழைய தகரமும் நான்கு கம்பும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களே போட்டு முடித்தார்கள். கல்லையும் ஆற்றிலிருந்து உருட்டிக் கொண்டு வந்தார்கள்.

போன வாரம் மழையில் அங்கே போனேன். குடங்கள் வரிசையில் இருந்தன. கல்லில் ஓர் இளம் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மா அவள் தோளில் கைபோட்டுச் சாய்த்து வைத்திருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. திரும்பி நடந்தேன்.